எலி குடியிருந்த லொறிக்கு விளக்குமாறு போதாது



போன மாதம் ஒரு மழை இரவில் எங்கள் டிவிஷனில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டது. 1990 சுவசெரிய வண்டிக்கு எடுத்தோம். குறை சொல்ல மாட்டேன், வந்தார்கள். ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும்தான் அவர்களால் வர முடிந்தது. அங்கிருந்து மேல் லயத்துக்கு உள்ள பாதையில் ஏறக்கூடியது தோட்டத்து லொறி ஒன்றுதான். அது ஸ்டோருக்குப் பின்னால் ஒழுகுகிற தகரக் கொட்டிலில் மூன்று மாதமாக நின்றுகொண்டிருந்தது.

டிரைவர் அண்ணன் வேறொரு வண்டியின் பெட்டரியைக் கொண்டுவந்து போட்டு எப்படியோ ஸ்டார்ட் செய்தார். கதவைத் திறந்ததும் குப்பென்று எலி மூத்திர நாற்றம். சீட்டில் புழுக்கை. யாரோ ஒரு சாக்கை விரித்தார்கள், அந்தப் பிள்ளையை அதன் மேல் உட்கார வைத்தோம். வலியோடு வாந்தியும் சேர்ந்துகொண்டது. இரண்டாவது வளைவில் முன்விளக்கு இரண்டும் ஒன்றாக அணைந்தன. புருஷன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி டோர்ச் அடிக்க, டிரைவர் அண்ணன் நடக்கிற வேகத்தில் லொறியைப் பாலம்வரை இறக்கினார். மாத்தளை ஆஸ்பத்திரியில் விடியப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். அதனால்தான் இதை ஆறுதலாக உட்கார்ந்து எழுத முடிகிறது.

மறுநாள் டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தால் ஒரு தேங்காய் அளவு எலிக்கூடு. சீட் பஞ்சு, சாக்கு நூல், பழைய செக்ரோல் தாளின் துண்டுகள் எல்லாம் சேர்த்துக் கட்டியிருந்தது. பக்கத்தில் முன்விளக்கு வயர் செம்பு தெரியக் கடிபட்டிருந்தது. பிரட்டுக்களத்தில் கட்டளை வந்தது: "ரெண்டு பேரை அனுப்பி லொறியக் கூட்டித் துப்பரவாக்குங்க. அரைப்பேர் போடலாம்."

நான் முடியாது என்றேன். லொறியைத் துப்பரவாக்க மறுக்கவில்லை. விளக்குமாற்றைத்தான் மறுத்தேன். சில தோழர்களே என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். லயத்தில் எலியோடு படுத்து எழும்புகிற நமக்கு லொறி எலி ஒரு பெரிய விஷயமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் இந்தப் பதில்.

எலிக்காய்ச்சல் மாத்தளைக்குப் புதிதல்ல. 2008ஆம் ஆண்டு இலங்கையில் அந்த நோய் பரவியபோது ஏழாயிரத்துக்கும் அதிகமானோர் எலிக்காய்ச்சல் என்ற சந்தேகத்தில் பதிவானார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டு கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் நமது மாவட்டமும் ஒன்று. வயலில் இறங்குகிறவர்களுக்கு வரும் நோய் என்று நாம் அதைத் தள்ளி வைத்துவிடுகிறோம். கிருமி இருப்பது எலியின் மூத்திரத்தில். காலில் அட்டை கடித்த புண், கையில் கவ்வாத்துக் கத்தி கீறிய காயம், கண், வாய் என்று எந்த வழியிலும் அது உள்ளே போகும். நன்றாகக் காய்ந்த இடத்தில் அந்தக் கிருமி சீக்கிரம் செத்துவிடும் என்பது உண்மை. ஆனால் ஒழுகுகிற கொட்டிலில் நிற்கும் லொறியின் சீட் என்றைக்குக் காய்ந்தது?

காய்ந்த தூசியில் வேறொரு ஆபத்து இருக்கிறது. ஹன்டா என்ற வைரஸ் எலியின் காய்ந்த மூத்திரத்திலும் புழுக்கையிலும் இருந்து தூசியோடு கிளம்பி மூச்சில் ஏறும். அதெல்லாம் வெளிநாட்டு வியாதி என்று நினைக்க வேண்டாம். பிற்காலத்தில் அமைச்சராக இருந்த திஸ்ஸ விதாரண அரசியலில் மட்டுமல்ல, வைரஸ் ஆராய்ச்சியிலும் பேர்பெற்றவர். இலங்கையில் எலிக்காய்ச்சல் என்று எண்ணப்பட்ட சிலருக்கு உண்மையில் இருந்தது ஹன்டா நோய் என்று அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1988இலேயே 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். லொறியின் முன்பெட்டி ஒரு சின்ன அறை. அதற்குள் குனிந்து உட்கார்ந்து விளக்குமாற்றால் தட்டினால் தூசி முழுவதும் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் பறக்கும். லயத்து வாசலில் கூட்டுவதும் இதுவும் ஒன்றல்ல. லயத்துக்குள்ளும் காய்ந்த புழுக்கையை அப்படியே கூட்டக்கூடாதுதான்.

சரி, எப்படிச் செய்வது? நாங்கள் செய்த விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் லொறியை வெயிலுக்குத் தள்ளி இரண்டு கதவையும் பொனட்டையும் திறந்து அரை மணித்தியாலம் விட்டோம். அந்த நேரத்தில் யாரும் உள்ளே போகவில்லை. பெட்டரி வயரைக் கழற்றினோம். ஒரு கம்பால் சீட்டுக்குக் கீழே தட்டிப் பார்த்தோம். எலி இருக்கிற இடத்துக்குச் சாரையும் வரும், நாகமும் வரும். அன்றைக்கு எதுவும் இல்லை, ஆனாலும் வெறுங்கையை உள்ளே விடாதீர்கள். பிறகு ரப்பர் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, திரவ பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, கூட்டின் மேலும் புழுக்கையின் மேலும் சொட்டச் சொட்ட நனைய விட்டோம். மெல்லத் தெளிக்க வேண்டும், பீச்சி அடித்தால் அதுவே தூசியைக் கிளப்பும். ஐந்து நிமிடமாவது ஊறிய பிறகுதான் பழந்துணியால் வழித்து எடுத்து இரண்டு பைக்குள் போட்டுக் கட்டினோம். இரும்பிலும் வயரிலும் பிளீச் பட்டால் அரித்துவிடும். ஆகவே எஞ்சின் பக்கத்துக்குக் கிருமிநாசினியை அதன் லேபலில் சொன்ன அளவுக்குக் கலந்து துணியில் நனைத்துத் துடைத்தோம். எயார் கிளீனரைத் திறக்க மறக்க வேண்டாம். எங்கள் லொறியில் இரண்டாவது கூடு அதற்குள்தான் இருந்தது.

நாற்றம் இதோடு போகாது. மூத்திரம் ஊறிய பஞ்சுக்கு எந்த வாசனையும் மருந்தல்ல. பினைல் ஊற்றலாம் என்றார் ஒருவர், சென்ட் அடிக்கலாம் என்றார் இன்னொருவர். இரண்டு நாள் கழித்து எலியும் சென்டும் சேர்ந்து நாறும், அவ்வளவுதான். சீட்டைக் கழற்றிப் பஞ்சை எடுத்து எறிந்துவிட்டுப் புதுப் பஞ்சு போட வேண்டும். பலகையையும் தகரத்தையும் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி இரண்டு மூன்று நாள் வெயில் காட்ட வேண்டும். மிச்சத் துணிப் பாகங்களில் அப்பச்சோடாவைத் தூவி ஓர் இரவு விட்டு மறுநாள் தட்டி எடுத்தால் வாடை நன்றாகக் குறையும். வினாகிரியால் துடைப்பதும் நல்லதுதான், ஆனால் பிளீச் இருக்கிற இடத்தில் வினாகிரியை ஒருநாளும் சேர்க்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நெஞ்சை அடைக்கும். எல்லாம் செய்தும் நாற்றம் போகவில்லை என்றால் எங்கோ செத்த எலி கிடக்கிறது என்று அர்த்தம். ஈ மொய்க்கிற இடத்தைப் பாருங்கள். இதனால்தான் லொறிக்குள் எலி மருந்து வைக்க வேண்டாம் என்கிறேன். பொறி வைத்தால் எலி கையில் கிடைக்கும். மருந்து தின்ற எலி தகரத்துக்கு நடுவில் போய்ச் சாகும்.

இத்தனையும் அரைப்பேர் வேலையா? இரண்டு ஆளுக்கு இரண்டு முழு நாள் வேலை. கையுறை, முகக்கவசம், பிளீச், புதுப் பஞ்சு எல்லாம் தோட்டச் செலவு. தொழிலாளி வீட்டிலிருந்து கொண்டுவரும் பொருள் அல்ல. துரையிடம் இதைத்தான் சொன்னோம். முதலில் முகம் சுளித்தார். வயர் மாற்ற மெக்கானிக் கேட்ட காசையும் இதற்கு ஆகும் காசையும் ஒரே தாளில் எழுதி நீட்டியபோது பேச்சு மாறியது. இரண்டு முழுப்பேர் போட்டார்கள். சீட் பஞ்சு இன்னும் வரவில்லை. வரும்வரை பலகைதான்.

எங்கள் பக்கமும் குறை இருக்கிறது, மறைக்க மாட்டேன். கடையிலிருந்து வரும் அரிசி, மா மூட்டைகளை லொறியில் போட்டுவிட்டு, சிந்தியதை யாரும் பார்ப்பதில்லை. சாப்பிட்ட பார்சல் பேப்பர் சீட்டுக்கு அடியில். வெற்றுச் சாக்குகள் பின்பெட்டியில் மாதக்கணக்கில். எலிக்கு வீடும் சாப்பாடும் நாமே கொடுத்திருக்கிறோம்.

ஆனாலும் அடிப்படைக் காரணம் லொறி ஓடாமல் நிற்பது. 2022இல் நாடே டீசலுக்கு வரிசையில் நின்றபோது படுத்த லொறி இது. அதற்குப் பிறகு கொழுந்து ஏற்றுவதைக் கொந்தராத்து லொறிக்குக் கொடுத்தார்கள். இப்போது பசளை வந்தால் எடுப்பார்கள், ஆபத்து வந்தால் நாம் எடுப்போம். எலி மூன்று வாரத்தில் ஓர் ஈற்றுக் குட்டி போட்டுவிடும். மாதத்துக்கு ஒருமுறை கதவைத் திறக்கிற லொறியில் எத்தனை முறை கூட்டைக் கழுவினாலும் அடுத்த மாதம் புதுக் கூடு இருக்கும். ஆகவே கிழமைக்கு ஒருநாள் அரை மணித்தியாலம் லொறியை ஓட்ட வேண்டும். அதற்கான டீசலையும் டிரைவரின் நேரத்தையும் கணக்கில் எழுத வேண்டும். பெருவிரல் நுனி போகிற ஓட்டை இருந்தாலே எலிக்குப் போதும், சுண்டெலிக்கு அதுவும் வேண்டாம். ஓட்டைகளைக் கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலையால் அடைக்க வேண்டும். ஓடாத லொறிக்கு டீசல் வீண் என்று எழுதுவினைஞர் ஒருவர் சொன்னார். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் அடித்தபோது மாத்தளை மலைகளில் மண் சரிந்து பாதைகள் அடைபட்டதை அவரும் பார்த்தவர்தான். அப்படியொரு இரவில் முதலில் தேடுவது இந்த லொறியைத்தான்.

இன்னொரு விஷயம். இப்படி ஒரு வேலை செய்தவருக்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் தசை வலி, கண் சிவப்பு, மூத்திரம் குறைவது என்று ஏதாவது கண்டால் பனடோல் போட்டுக்கொண்டு மலைக்குப் போக வேண்டாம். டிஸ்பென்சரியோடு நிற்காமல் அரச வைத்தியசாலைக்குப் போங்கள். டொக்டர் கேட்காவிட்டாலும் "எலிக்கூடு துப்பரவாக்கினேன்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் சாதாரணக் காய்ச்சல் என்று போய்விடக்கூடும். எலிக்காய்ச்சல் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குத் தகவல் போனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தோட்டத்துக்கு வந்து பார்ப்பார்.

வருகிற தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் எங்கள் டிவிஷன் மூன்றைக் கேட்கிறது: கிழமை ஓட்டம், கொட்டிலுக்குத் தகரம், சீட்டுக்குப் பஞ்சு. மற்றத் தோட்டங்களின் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் கூட்டத்துக்கு வருமுன் தங்கள் லொறியின் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். வாசல் கதவைத் திறந்து அரை மணித்தியாலம் விட்ட பிறகு.