நூல் முற்றம்: கேட்கும் பிள்ளைக்கு ஒரு நூல்

ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், இரவெல்லாம் விழித்திருக்கும் கண் ஒன்று உண்டு. வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியே அது. 1986 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இக்கருவி நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்டது. 1988-இல் இம்மலையிலிருந்து கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்று கணித மேதை இராமானுஜனின் பெயரைத் தாங்கி இன்றும் சூரியனைச் சுற்றி வருகிறது.

இம்மலையை அண்டிய வாணியம்பாடியிலும் திருப்பத்தூரிலும் நம் சமுதாயத்தார் பெருந்திரளாக வாழ்கின்றனர். ரமளான் பிறை பார்க்க மாடியேறும் பிள்ளை, "அத்தா, பிறை ஏன் இத்தனை சீக்கிரம் மறைந்துவிடுகிறது?" என்று கேட்கிறது. "சும்மா இரு" என்பதே பல வீடுகளில் அதற்குக் கிடைக்கும் விடை. மதரஸாக்களிலும் இந்நிலை இல்லை என்று சொல்வதற்கில்லை. கேட்ட பிள்ளையின் கையில் கொடுப்பதற்குத் தமிழில் நூல்கள் இல்லையா? உண்டு. அவற்றையும் அவற்றை ஆக்கியோரையும் இம்மாதம் அறிமுகம் செய்வோம்.

முதலில் நம்மவர் ஒருவர். மணவை முஸ்தபா (1935-2017) 'யுனெஸ்கோ கூரியர்' தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக நெடுங்காலம் பணியாற்றியவர். மருத்துவம், கணினி முதலிய துறைகளுக்குக் கலைச்சொல் அகராதிகள் தொகுத்தவர். தமிழில் அறிவியலைச் சொல்ல முடியாது என்பாருக்குத் தம் வாழ்நாள் உழைப்பையே மறுமொழியாகத் தந்த அவர், பெரியோருக்கு எழுதியதோடு நிறைவு கொள்ளவில்லை. 'இளையர் அறிவியல் களஞ்சியம்' என்னும் நூலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே எழுதினார். அவருக்கு முன்னே, பெ. தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் வாயிலாகக் குழந்தைகளுக்கெனப் பத்துத் தொகுதிகளில் ஒரு கலைக்களஞ்சியத்தையே உருவாக்கித் தந்தார். இத்தகைய முன்னோடிகள் இட்ட பாதையில்தான் இன்றைய எழுத்தாளர்கள் நடக்கின்றனர்.

அவர்களுள் இரா. நடராசனை நம் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டும். 'ஆயிஷா' என்ற அவருடைய குறுநாவலின் நாயகி நம் வீட்டுப் பெண்பிள்ளையின் பெயருடையவள். வகுப்பிலே ஓயாது கேள்வி கேட்பாள், அதற்காக அடிபடுவாள். வலி தெரியாதிருக்க வழி தேடித் தன்மீதே ஒரு சோதனை செய்து பார்த்து உயிரை இழக்கிறாள். அவள் ஆசிரியை எழுதிய அறிவியல் நூல் ஒன்றின் முன்னுரையாகவே கதை அமைந்திருக்கிறது. பிள்ளை உயிரோடிருந்தபோது கிடைக்காத விடை, அவள் போன பின்னரே நூலாகிறது! கல்வி கற்பிக்கும் நாமனைவரும் ஒருமுறையேனும் படித்து, நம் பிரம்பைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய கதை இது. இவரே, வேதாளம் கேள்வி கேட்கும் பழைய முறையைக் கொண்டு அறிவியலைச் சொன்ன 'விஞ்ஞான விக்ரமாதித்தன் கதைகள்' நூலுக்காக 2014-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றார்.

2010 முதல் வழங்கப்பட்டுவரும் அவ்விருதின் பட்டியலே பெற்றோருக்கு ஒரு நல்வழிகாட்டி. எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (2020), தீய நோக்குடன் தீண்டுவோரிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளவும், நடந்ததை அஞ்சாமல் எடுத்துச் சொல்லவும் சிறுவருக்குக் கற்பிக்கிறது. நாம் சொல்லக் கூசுவதை அந்நூல் கண்ணியமாகச் சொல்கிறது. இரயில்வேயில் நிலைய அதிகாரியாகப் பணிபுரிந்த உதயசங்கர், கீழடியின் தொன்மையை 'ஆதனின் பொம்மை' (2023) என்னும் நாவலில் பிள்ளைகளுக்கு உணர்த்துகிறார். ஜவ்வாது மலையின் ஒரு பகுதியைத் தன்னகத்தே கொண்ட திருவண்ணாமலை மாவட்டத்து வந்தவாசியில் வாழும் மு. முருகேஷ் 2021-இல் இவ்விருதைப் பெற்றவர். 2025-இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' இப்பெருமையை அடைந்தது.

இவர்களுள் பலர் எழுத்தையே பிழைப்பாகக் கொண்டவரல்லர். ஆசிரியப் பணியும் அலுவலகப் பணியும் போக எஞ்சிய பொழுதில் எழுதியவர்கள். அப்படியிருக்க, நம் ஆலிம்களும் ஆசிரியைகளும் ஏன் எழுதலாகாது?

எழுதுவதற்குப் பொருளா இல்லை? கார்த்திகை மீன்கூட்டத்தின் பின்னே செந்நிறமாய் எழும் ரோகிணியை உலக வானியலார் 'அல்டெபரான்' என்கின்றனர். பின்தொடர்வது என்னும் பொருளுடைய அரபுச் சொல் அது. திருவோணத்தின் உலகப் பெயரான 'அல்டேர்', 'பறக்கும் கழுகு' என்ற அரபுத் தொடரிலிருந்து வந்தது. அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி கி.பி. 964 அளவில் எழுதிய விண்மீன் நூலில், இன்று ஆண்ட்ரொமீடா எனப்படும் விண்மீன் மண்டலத்தைச் சிறு மேகமாகக் குறித்து வைத்தார். தொலைநோக்கி தோன்றுவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னர், வெறுங்கண்ணால் கண்டு எழுதியது அது! இப்பெருமைகளை மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால், காவலூரின் வானத்தைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, அம்மீன்களின் அரபுப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் ஒருசேரச் சொல்லும் நூலொன்றை நாம் கொடுத்திருக்கிறோமா? அரபும் தமிழும் அறிந்த நம் மதரஸா ஆசிரியர்களை விட அதனை எழுதத் தகுந்தவர் யார்?

ஓதும்படி ஏவிய கட்டளையோடு வஹீ தொடங்கப்பெற்ற மார்க்கம் நம்முடையது. ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். மக்தப் ஆண்டு விழாக்களில் எவர்சில்வர் தட்டுகளும் டிபன் பாக்ஸ்களும் பரிசாகத் தருகிறோம். அவை சமையலறைக்குப் போய்விடும். இவ்வாண்டு முதல் பிள்ளைக்கு ஒரு நூல் என்று ஜமாஅத்தார் முடிவு செய்யட்டும். பெருநாள் காசில் ஒரு பங்கு நூலுக்கென்று பெற்றோர் ஒதுக்கட்டும். ஆண்பிள்ளைக்கு வாங்கினால் பெண்பிள்ளைக்கும் தனியே ஒன்று வாங்கட்டும். ஏனெனில், கேள்வி கேட்டு அடங்கிப்போகும் ஆயிஷாக்கள் நம் தெருக்களிலும் உண்டு.

பிள்ளை கேட்கும் கேள்விக்கு நமக்கு விடை தெரியாதது குறையன்று. "வா, சேர்ந்து படித்துப் பார்ப்போம்" என்று சொல்ல ஒரு நூல் வீட்டில் இல்லாததே குறை.

வல்ல அல்லாஹ் நம் மக்களுக்குப் பயன்தரும் கல்வியை வழங்குவானாக! ஆமீன்.