அமெரிக்கப் பிரயாணமும் ராகுகாலமும்

பிள்ளைகள் அமெரிக்காவில் குடியேறி உத்தியோகம் பார்க்க, அவர்களோடு இருந்துவரத் தாய் தகப்பன்மார் ஆறு மாதத்துக்குப் புறப்பட்டுப் போவது இன்று நமது நாட்டில் பட்டணம் முதல் பட்டிக்காடு வரை சகஜமாகிவிட்டது. இதை நாம் குறைசொல்ல வரவில்லை. தாராளமாய்ப் போகட்டும். ஆனால் போகின்றவர்கள் எதை மூட்டை கட்டிக்கொண்டு போகின்றார்கள் என்பதைப் பற்றித்தான் நமக்குப் பேச்சு.

கடல் தாண்டுவது பாவம் என்பது நாம் கட்டிவிட்ட கதையல்ல. பௌதாயன தர்ம சூத்திரம் ஜாதியை இழக்கச் செய்யும் பாதகங்களில் கடல் யாத்திரையையும் சேர்த்திருக்கின்றது. மனுதர்மமோ கடல் யாத்திரை செய்தவனைச் சிரார்த்தப் பந்தியில் உட்காரவைக்கக் கூடாதென்கின்றது. 1888-ல் தோழர் காந்தியார் படிப்புக்காகக் கப்பலேறியபோது அவரது ஜாதியார் கூட்டம் கூடி, அவரை ஜாதிக்குப் புறம்பாக்கி, வழியனுப்பப் போகின்றவர்களுக்கும் ஒன்றேகால் ரூபாய் அபராதம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். 1891-ல் திரும்பி வந்ததும் அவர் நாசிக்கில் தீர்த்தமாட வேண்டியிருந்தது. இன்று அதே சாஸ்திரத்தைப் போற்றுகின்றவர்கள்தான் ஆகாய விமானச் சீட்டுக்கு முந்திக்கொண்டு நிற்கின்றார்கள். சாஸ்திரத்தில் ஓர் எழுத்தாவது மாறியதா? இல்லை. டாலர் வந்தது, தோஷம் போய்விட்டது. கங்காணி பின்னால் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் போன லட்சக்கணக்கான ஏழைகளின் பிராயச்சித்தத்தைப் பற்றி அன்று எந்தச் சாஸ்திரி கவலைப்பட்டார்?

நிற்க, நாள் பார்க்கின்ற வேடிக்கையைக் கவனிப்போம். விமானமோ யாருடைய ஜாதகத்துக்காகவும் காத்திராது. ஆகவே பெட்டியை மட்டும் நல்ல நேரத்தில் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துப் "பரஸ்தானம்" செய்துவிடுகின்றார்கள். பெட்டி நல்ல நேரத்தில் புறப்பட்டால் ஆளும் நல்ல நேரத்தில் புறப்பட்டதாய் அர்த்தமாம்! சிகாகோ போய்ச் சேர்ந்த பிறகும் திங்கட்கிழமை காலை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம் என்று வாசற்படி தாண்டுவதில்லை. குளிர்காலத்தில் அங்கே காலை ஏழரை என்றால் சென்னையில் மாலை 7 மணி. எந்த ஊர் ராகு பெரியவர்? போதாக்குறைக்கு, அந்நாட்டில் மார்ச்சு மாதம் இரண்டாவது ஞாயிறன்று சட்டப்படி கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுக்கின்றார்கள். கடிகாரத்தோடு ராகுவும் நகருவாரானால் அவர் அமெரிக்கச் சட்டசபைக்குக் கட்டுப்பட்ட கிரகமாகின்றார். நகரமாட்டாரானால் கடிகாரத்தைப் பார்த்துப் பயப்படுவானேன்? ராகுகாலம் சூரியோதயத்திலிருந்து எண்ணுவது, அதற்கென்றே அமெரிக்கப் பஞ்சாங்கம் விற்கிறது என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். விற்கத்தான் விற்கும், வாங்க ஆளிருக்கும்போது விற்பவனுக்கு என்ன நஷ்டம்?

இந்தப் பஞ்சாங்கமாவது வீட்டோடு போகின்ற நோய். ஜாதி அப்படியல்ல. அடுத்த தெருவிலே ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கின்றதென்றால், "நம்மவங்களா?" என்பதுதான் முதற்கேள்வி. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரசபை, ஜாதியின் பேரால் வித்தியாசம் காட்டக் கூடாதென்று தனிச் சட்டமே செய்ய நேர்ந்தது. அமெரிக்க நகரங்களில் இதுவே முதல். அதே ஆண்டு கலிபோர்னியாவின் சட்டசபைகள் இப்படியொரு மசோதாவை நிறைவேற்றியும், இருக்கின்ற சட்டங்களே போதுமென்று அக்டோபரில் கவர்னர் அதைத் தள்ளிவிட்டார். மசோதாவை எதிர்த்தவர்களில் நம் நாட்டிலிருந்து போனவர்களே முன்னே நின்றார்கள். ஊறுகாய் பாட்டிலோடு இதையும் ஏற்றுமதி செய்தோம் என்பது நமக்கு ஒரு கௌரவமா?

இவ்வளவையும்விட நமக்கு மனக்கஷ்டம் தருவது அந்த வீட்டு அம்மாளின் சங்கதி. "மகளைப் பார்க்கப் போகிறாள்" என்று ஊர் சொல்லுகிறது. பெரும்பாலும் போகின்ற மாதம் பிரசவ மாதம். அய்யா சோபாவில் உட்கார்ந்து ஊர்ச் செய்தி பார்க்க, அம்மாள் பத்தியச் சமையல், குழந்தைக் குளிப்பாட்டல், இரவுக் கண்விழிப்பு, துணி மடிப்பு என்று நடமாடுகிறாள். ஆறு மாதம் முடிந்து அவள் திரும்பினால், சம்பந்தியம்மாள் அடுத்த ஆறு மாதத்துக்கு விமானமேறுகிறாள். சும்மா பார்த்துவரக் கொடுக்கின்ற விசாவில் உத்தியோகம் பார்க்கக் கூடாதென்பது அந்நாட்டுச் சட்டம். அம்மாளின் வேலைக்குச் சம்பளமே கிடையாதாகையால் அவள் செய்வது உத்தியோகமல்லவாம்! அய்யாவுக்குத்தான் அது விடுமுறை. அவளுக்கு அடுப்புதான் இடம் மாறியது. நாற்பது வருஷம் இங்கே வெந்தவளுக்கு ஓய்வு அங்கேயும் இல்லையென்றால், அவளுக்கு என்றைக்குத்தான் ஓய்வு? அங்கே மருமகன் தன் தட்டைத் தானே கழுவுவதை அய்யா ஆறு மாதம் கண்ணால் பார்க்கின்றார். ஊர் திரும்பிய மறுநாள் காலையில், "ஏய், காப்பி எங்கே?" என்கின்றார்.

வாசகத் தோழர்கள் தங்கள் ஊரில் இப்படிப் போய்வந்த அம்மையார்களிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: "ஆறு மாதத்தில் நீங்களாக விரும்பி வெளியே போய் ஊர் பார்த்தது எத்தனை நாள்?" அய்யா பக்கத்தில் இல்லாத சமயம் பார்த்துக் கேட்பது நலம். வருகின்ற பதில்களை, பேர் போடாமல், நமது பத்திரிகையில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கின்றோம்.