தள்ளிவைப்பு

வங்கிக் கவுண்டருக்கு ஒரு அம்மா கடிதத்தோடு வந்தார். புருசன் செத்து 10 மாசம். இன்சூரன்ஸ்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். நடுவில் ஒரு சொல்: ரிப்புடியேட்.

"இல்லேங்கிறாங்களா சார்?"

இல்லை என்று சொல்லவில்லை, அதுதான் சிக்கல். டினை என்றால் நடந்ததையே இல்லை என்பது. இது வேறு. பாலிசி போட்டது மெய், தவணை கட்டியது மெய், ஆள் செத்ததும் மெய். ஆனாலும் அது எங்களைக் கட்டாது. பழைய மஞ்சக்காமாலையை மறைத்துவிட்டாராம். நான் விளக்கி முடிப்பதற்குள் அந்தம்மா சொன்னார்: "தள்ளி வெச்சுட்டாங்கன்னு சொல்லுங்க."

பட்டம் வாங்கிய எனக்கு வராத சொல். லத்தீன் மூலமும் அதையேதான் சொல்கிறது. ரெபுடியம் என்றால் ரோமாபுரியில் கல்யாண உறவை ஒருதலையாக முறிப்பது. நம்ம ஊரிலும் பெண்டாட்டியைத் தள்ளிவைப்பார்கள், குடும்பத்தை ஊரைவிட்டுத் தள்ளிவைப்பார்கள். பஞ்சாயத்தில் உட்கார்ந்திருப்பவன்தான் தள்ளுவான், நிற்கிறவன் அல்ல.

பிற்பாடு ஆங்கிலத்தில் இச்சொல் கடனுக்கும் வந்தது. அங்கேயும் அதே கதைதான். 1840களில் அடிமை மாநிலமான மிசிசிப்பி தன் கடன்பத்திரங்களையே தள்ளியது, முழுகிப்போகவில்லை. அடிமைகள் எழுந்து 1804இல் விடுதலை வாங்கிய ஹெய்திக்கு அது வாய்க்கவில்லை. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி 15 கோடி ஃபிராங்க் கேட்டது. இழந்த சொத்துக்கு ஈடாம். அந்தச் சொத்தில் மனிதர்களும் அடக்கம்! 1838இல் 9 கோடியாகக் குறைத்தார்கள். கடன் வாங்கிக் கட்டினார்கள் ஹெய்தி மக்கள். பிரிட்டன் 1833இல் ஆண்டைகளுக்கு 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அடிமைக்குச் சல்லிக்காசு இல்லை. அதற்கு வாங்கிய கடன் 2015இல்தான் தீர்ந்தது. கரீபியனிலிருந்து போய் லண்டனில் பஸ் ஓட்டிய அடிமைப் பேரன்களின் வரியும் அதில் போயிருக்கிறது தோழர்களே.

ஒரு இடத்தில் மட்டும் கை மாறியது. 1868, அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தம், நான்காம் பிரிவு. அடிமை விடுதலையானதால் நட்டம் என்று எவன் கேட்டாலும் அந்தக் கோரிக்கை சட்டவிரோதம், செல்லாது. ரிப்புடியேட் என்ற சொல் அதில் இல்லை, வேலை அதுதான். அடிமை இருந்ததை மறுத்தால் பொய். இருந்தது, ஆனால் அந்தக் கணக்கு எங்களைக் கட்டாது என்றார்கள். (1862இல் இதே அரசுதான் வாஷிங்டன் ஆண்டைகளுக்குத் தலைக்கு 300 டாலர் வரை கொடுத்தது. போர் முடிந்த பிறகு வந்த ஞானம்.)

அந்தம்மா விசயத்துக்கு வருவோம். பாலிசிக்கு மூன்றரை வருசம், நடுவில் நிற்கவும் இல்லை. 3 வருசம் தாண்டிய பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது என்கிறது காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 2015 திருத்தத்தோடு. முதலில் கம்பெனிக்கு மனு, அசையாவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். 'தங்கள் கடிதத்தை ஏற்க இயலாது' என்று தொடங்கினேன்.

"தள்ளுறோம்னே எழுதுங்க சார்."

வரிசை நீண்டுவிட்டது என்று மேலாளர் எட்டிப்பார்த்தார். மையை நகர்த்தினேன். அந்தம்மா பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.