டோனட் முடிஞ்சுது, நீத்துப்பெட்டி எப்ப?

பிளெண்டர் பழகத் தொடங்குகிற எல்லாரும் யூரியூப் பார்த்து ஒரு டோனட் செய்வினம். அதில் எங்களுக்குக் கோபமில்லை. வடிவம், நிறம், வெளிச்சம், கமரா எல்லாத்தையும் அந்த ஒரு டோனட் தொட்டுக் காட்டும். கோபம் வேற இடத்தில். "ஆர்ட்ஸ் படிக்கிற உங்களுக்கு உது என்னத்துக்கு?" என்கிற ஊர்க்கதையிலும், பட்டன்களின் பெயரைப் பாடமாக்கவிட்டுச் சான்றிதழ் விற்கிற வகுப்புகளிலும்தான்.

பிளெண்டர் இலவசம். 2002இல் அதை வைத்திருந்த நிறுவனம் மூடுப்பட்டபோது, அதன் மூலநிரலை மீட்க உலகெங்கும் இருந்த பயனர்கள் ஏழு வாரத்தில் 1,00,000 யூரோ சேர்த்தார்கள். அப்படிப் பொதுச்சொத்தான ஒன்றுக்கு வன்னியில் வாசற்காவல் எதற்கு? 20 இலட்சம் பேர்கூட இல்லாத லட்வியாவிலிருந்து வந்த கின்ட்ஸ் ஸில்பலோடிஸ், பிளெண்டரில் செய்த 'ஃப்ளோ' படத்துக்கு 2025இல் ஒஸ்கார் வாங்கினார். ஒரு பூனையின் கதை. ஒரு வசனமும் இல்லை.

மொடலிங் என்பது முதலில் பார்வை. நீத்துப்பெட்டியை எடுங்கோ. ஒரு கூம்பைத் தலைகீழாக்கி, மேல்முகத்தை அழித்து, சொலிடிஃபை போட்டுத் தடிப்புக் குடுத்தால் உருவம் வந்திடும். ஆனால் ஓலை எங்க மடியுது, எந்த இழை மேலே போகுது, ஆவி பட்டுப்பட்டு நிறம் எப்பிடி மாறுது என்பதை எந்த யூரியூப்காரரும் சொல்லித்தர மாட்டார். அம்மம்மாவின் குசினியில்தான் அது இருக்கு. அனிமேஷனும் அப்படித்தான். முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில் மத்தளத்துக்குக் கால் விழுகிற கணத்தைக் கவனித்தவருக்கு, கீஃப்ரேமை எங்க வைக்கவேணும் என்று பாதி விளங்கியிருக்கும். இது ஆர்ட்ஸ்காரரின் வேலை இல்லையென்றால் வேற யாருடையது?

போரில் சரிந்து ஏ9 வீதியோரம் கிடந்த கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கியை எத்தனையோ பேர் வந்து படமெடுத்துப் போனார்கள். அது நிமிர்ந்து நின்ற காலத்தை, அதைக் கண்ட ஆக்களிடம் கேட்டுக் கட்டியெழுப்ப வேண்டியது நாங்கள். நாங்கள் செய்யாவிட்டால், எங்கட ஊர் மற்றவர்களின் கமராக் கோணத்தில் மட்டும்தான் மிஞ்சும்.

"லாப்டொப் இல்லையே" என்பது பொய்யான சாட்டு இல்லை. பழைய மெஷினில் பெரிய காட்சி இறுகி நிண்டிடும். அதுக்காகத்தான் சின்னப் பொருட்களில் தொடங்கச் சொல்லுறம்: குறைந்த முகங்கள், சைக்கிள்ஸுக்குப் பதிலா ஈவீ. அதோடு, பாடசாலை விட்டதும் பூட்டுப்படுகிற கணினிக்கூடங்களைப் பின்னேரத்தில் திறக்கச் சொல்லிக் கேட்பம். வகுப்புக் காசைவிட அந்தத் திறப்புத்தான் எங்களுக்குத் தேவை.

டோனட்டைச் செய்து முடியுங்கோ. அடுத்த ஃபைலுக்கு உங்கட வீட்டுப் பொருள் ஒன்றின் பெயரை வையுங்கோ.