அருமண் படிகங்கள்: பலெர்மோவிலிருந்து மணவாளக்குறிச்சி வரை

இத்தாலியின் பலெர்மோ நகரையும் குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியையும் இணைப்பது ஒரு தனிமத்தின் பெயர். 1801 ஜனவரி 1 அன்று பலெர்மோ வானாய்வகத்தில் கியுசெப்பே பியாட்சி என்ற பாதிரியார் சீரீஸ் என்னும் சிறுகோளைக் கண்டறிந்தார். 1803ஆம் ஆண்டு சுவீடனில் கண்டறியப்பட்ட ஓர் அருமண் தனிமத்துக்கு, அந்தக் கோளின் நினைவாகச் சீரியம் எனப் பெயரிடப்பட்டது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலில் உள்ள அருமண் தனிமங்களில் அதிகம் காணப்படுவதும் சீரியமே. அடுத்து வருபவற்றுள் லாந்தனம் முக்கியமானது.

இத்தனிமங்களுக்கு இன்று புதியதொரு தேவை உருவாகி வருகிறது. ஓர் அருமண் தனிமம், லித்தியம் போன்ற மற்றோர் உலோகம், குளோரின் அல்லது புரோமின் ஆகிய மூன்றும் சேர்ந்த சேர்மங்கள் மும்மை ஹாலைடுகள் எனப்படுகின்றன. 2018ஆம் ஆண்டு ஜப்பானின் பானாசோனிக் நிறுவன ஆய்வாளர்கள், லித்தியமும் யிட்ரியமும் கொண்ட இவ்வகைச் சேர்மங்கள் திட மின்கலங்களில் எளிதில் தீப்பற்றும் திரவத்துக்கு மாற்றாகப் பயன்படக்கூடும் எனக் காட்டினர்.

இதில் படிக அமைப்பே முக்கியமானது. குளோரைடில் குளோரின் அயனிகள் அறுகோண முறையில் நெருங்கி அடுக்கப்பட்டுள்ளன. குளோரினுக்குப் பதில் அளவிற் பெரிய புரோமின் வந்தால் அடுக்குமுறையே மாறுகிறது. லித்தியம் அயனிகள் மேலும் எளிதாக நகர்கின்றன. எனினும் ஈரக்காற்று பட்டால் இப்பொருட்கள் சிதைந்துவிடுவது பெரும் இடையூறாக உள்ளது.

அதைவிடப் பெரிய சிக்கல் மூலப்பொருள் தொடர்பானது. 2025 ஏப்ரலில் சீனா யிட்ரியம் உட்பட ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியது. இந்திய மோனசைட் மணலில் யிட்ரியம் மிகக் குறைவு. ஆகவே, யிட்ரியப் படிகங்களே சந்தையில் வெற்றி பெற்றால், பெருமளவு மணல் வளம் இருந்தும் இந்தியாவுக்கு அதனால் கிடைக்கும் ஆதாயம் சொற்பமாகவே இருக்கும்.

அதேவேளை வேறொரு வழியும் தென்படுகிறது. 2023ஆம் ஆண்டு சீன ஆய்வாளர்கள், லாந்தனம் குளோரைடின் படிகக் கட்டமைப்பில் அகன்ற கால்வாய்கள் இருப்பதையும், டாண்டலம் சேர்த்து வெற்றிடங்களை உண்டாக்கினால் லித்தியம் அவற்றினூடே விரைந்து செல்வதையும் நேச்சர் இதழில் வெளியிட்டனர். லாந்தனமோ, சீரியமோ அந்த ஏழு தனிமங்களின் பட்டியலில் இல்லை. குமரி மணலிலும் கேரளத்தின் சவரா மணலிலும் இவ்விரண்டும் தாராளமாக உள்ளன.

ஆனால் மணலைத் தோண்டுவதற்கும் ஒரு விலை உண்டு. இந்திய மோனசைட்டில் ஏறத்தாழ 8 முதல் 10 சதவீதம் கதிரியக்கத் தன்மை கொண்ட தோரியம் ஆக்சைடு உள்ளது. கிள்ளியூர் வட்டத்தில் ஆயிரம் ஹெக்டேருக்கும் அதிகமான பரப்பில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு, கடலரிப்பையும் உடல்நலக் கேட்டையும் சுட்டிக்காட்டி மீனவ மக்கள் எதிர்ப்புத் தெரிவித்து வந்துள்ளனர்.

1950ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய அருமண் நிறுவனம் மணலைப் பிரிப்பதில் நீண்ட அனுபவம் கொண்டது. ஆனால் மதிப்பின் பெரும்பகுதி மணலில் இல்லை. தூய குளோரைடாக்கி, உரிய படிகமாக வார்க்கும் திறனில்தான் இருக்கிறது. அத்திறன் உள்நாட்டில் வளராவிட்டால், கடற்கரை மக்கள் சுமையைத் தாங்க, பயன் வேறு நாட்டுத் தொழிற்சாலைகளுக்கே போய்ச் சேரும். எவ்வளவு மணல் எடுப்பது என்பதைத் தீர்மானிப்பதற்கு முன், எந்தப் படிகத்துக்காக எடுக்கிறோம் என்ற கேள்விக்கு அரசு விடை கூறுவது அவசியமாகிறது.