முதல் செமஸ்டரிலேயே வேண்டும், படிப்புக்கான ஆங்கிலம்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட படிப்புகளில் 2021-லும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு கிடைத்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களில் பலர் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவர்கள். இடம் கொடுத்த அரசும் பல்கலைக்கழகங்களும், அந்த இடத்தில் ஊன்றிப் படிப்பதற்கான மொழியையும் கொடுக்கக் கடமைப்பட்டவை. அந்தக் கடமை பாதியில் நிற்கிறது.

குறை மாணவரின் அறிவில் இல்லை. தகைவு, திரிபு என்று கணக்குப் போட்டுத் தேறியவருக்கு ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் பழகச் சில வாரங்கள் போதும். கலைச்சொற்களின் ஆங்கில வடிவம் பள்ளிப் பாடநூல்களிலேயே உண்டு. பெரிய தடை, அவற்றைக் கோத்திருக்கும் வாக்கியங்களில் இருக்கிறது. செயப்பாட்டு வினையில் நீளும் விளக்கங்கள், கருத்தின் போக்கைத் திருப்பும் இணைப்புச் சொற்கள், வரையறுக்கவும் தருவிக்கவும் வேறுபடுத்தவும் கேட்கும் வினாத்தாள் வினைகள் ஆகியவை எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பிலும் வருவதில்லை. விடை தெரிந்தும் வினா புரியாமல் அரியர் விழுவது இங்கேதான்.

இந்தத் தடை அளவிடக்கூடியது, கடக்கவும் கூடியது. நியூசிலாந்தின் மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட், துறை எதுவானாலும் கல்வி நூல்களில் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களை 2000-இல் தொகுத்து வெளியிட்டார். அத்தகைய நூல்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு சொல் இந்தப் பட்டியலைச் சேர்ந்தது. முதலாண்டின் வகுப்பு நாட்களுக்குப் பகிர்ந்து படித்தால் நாளுக்கு மூன்று, நான்குதான் வரும்.

கல்லூரிகள் தருவதோ வேறு. கலை, அறிவியல் கல்லூரிகளின் பகுதி இரண்டு ஆங்கிலத்தில் கவிதையும் கதையும் பெரும்பாலும் நோட்ஸ் வழியே மனப்பாடமாகின்றன. இலக்கியத்துக்கும் அது நன்மை செய்வதில்லை. பொறியியல் கல்லூரிகளில் பயிற்சி சூடு பிடிப்பது வளாகத் தேர்வு நெருங்கும்போது. நேர்காணலில் பேசக் கற்றுத்தரும் அக்கறை, பாடப் புத்தகத்தை வாசிக்கக் கற்றுத்தருவதில் இருந்ததில்லை.

தமிழிலேயே நடத்தினால் இந்தச் சுமை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ் வழியில் தொடங்கியது. அந்த முயற்சி வளரத்தான் வேண்டும். ஆனால் அதில் படிப்பவரும் ஆய்வுக் கட்டுரைகளுக்கும் மேற்படிப்புக்கும் ஆங்கிலத்தை நாடியே ஆக வேண்டியிருக்கிறது.

ஆகவே முதல் செமஸ்டர் ஆங்கில வகுப்பு அந்தந்தத் துறையின் பாடநூல் பக்கங்களையே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பத்தியை வாசித்துக் கருத்தைத் தமிழில் சொல்வது, பின்பு அதையே ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதுவது, விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுப்பது, பழைய வினாத்தாள்களைப் பிரித்துப் பார்ப்பது என்று வகுப்பு நகர வேண்டும். அங்கே தமிழுக்குத் தடை கூடாது. தமிழில் கேட்கலாம் என்றால்தான் தயங்கும் மாணவர் சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்பார்.

தேர்வு மாறாமல் வகுப்பு மாறாது. முன்பு பார்த்திராத பத்தியை வினாத்தாளில் கொடுத்தால் நோட்ஸின் ஆட்சி முடியும். எழுதியதைத் திருத்தித் தருவதுதான் இதில் உயிர்நாடியான வேலை. நெரிசலான வகுப்பில், குறைந்த ஊதியத்தில் வேலை பார்க்கும் கௌரவ விரிவுரையாளரிடம் அதை எதிர்பார்ப்பது அநீதி. முதலாண்டு ஆங்கில வகுப்புகளை முப்பது பேர் கொண்ட பிரிவுகளாக்கி, அதற்கேற்ற நிரந்தரப் பணியிடங்களை வரும் கல்வியாண்டுக்குள் அரசு நிரப்ப வேண்டும்.