காது கொடுத்தோம், கேட்க விட்டோமா?

ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு சாயங்கால வேளை நின்றிருக்கிறீர்களா? திருப்பதி பஸ் ஏர் ஹாரனை அலறவிட்டபடி நுழையும். 'சத்தியவேடு, சத்தியவேடு' என்று ஒருவர் கூவுவார். டீக்கடையில் ஒரு பாட்டு, எதிர்க்கடையில் வேறு பாட்டு. பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. இத்தனைக்கும் நடுவில் நீங்கள் 'சர்க்கரை கம்மி' என்கிறீர்கள். டீக்கடைக்காரருக்குக் கேட்டுவிடுகிறது. இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று நாம் யோசித்ததே இல்லை.

அன்றைக்கு அங்கே ஒரு அம்மா தன் பையனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆறேழு வயசு. காதுக்குப் பின்னால் கருவி, தலையில் ஒட்டிய காந்த வில்லை. காக்ளியர் இம்ப்ளான்ட். மூன்று முறை கூப்பிட்டும் பையன் திரும்பவில்லை. பக்கத்திலிருந்த பெரியவர் கேட்டார்: 'ஏம்மா, லட்சக்கணக்குல செலவு பண்ணி ஆபரேஷன் பண்ணியும் புள்ளைக்குக் கேக்கலியா?'

'வூட்ல நல்லாப் பேசறான் சார்' என்று அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். ஏதோ தப்புச் செய்துவிட்ட குரல்.

தப்பு அவருடையதா? கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

நம் உட்காதில் ஒலியை மூளைக்கு அனுப்பும் நுண்மயிர் செல்கள் சுமார் 3,500. இந்தக் கருவி அவற்றுக்குப் பதிலாக வைப்பது வழக்கமாக 22 மின்முனைகள் வரைதான். அவற்றின் மின்சாரமும் உள்ளே பரவி ஒன்றோடொன்று கலந்துவிடும். இருந்தும் அமைதியான அறையில் பேச்சு புரியும். 1995-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஷானனும் சகாக்களும் சோதித்துக் காட்டினார்கள்: பேச்சொலியை மூன்று நான்கு பட்டைகளாகச் சுருக்கினாலும் வாக்கியம் விளங்குகிறது. ஆனால் இரைச்சல் சேர்ந்தால் அந்தக் கணக்கு தலைகீழ். ஒரு குரலை இன்னொரு குரலிலிருந்து பிரிக்க சுருதியின் நுணுக்கம் வேண்டும். கருவி அதைச் சரியாகக் கொடுப்பதில்லை. சத்தம் எந்தத் திசை என்று அறிய இரண்டு காது வேண்டும். இலவசத் திட்டத்தில் வழக்கமாகக் கிடைப்பது ஒன்று. அப்புறம் 'பத்து' எது, 'பட்டு' எது?

ஆக, கருவி தோற்கவில்லை. பையனும் தோற்கவில்லை. தோற்றது பஸ் ஸ்டாண்ட். அதைவிட மோசம், வகுப்பறை.

அரசைக் குறை சொல்வதற்கு முன் நியாயமாகப் பாராட்டிவிடுகிறேன். 2014-ல் மத்திய அரசு இந்தக் கருவிக்காகக் குழந்தை ஒன்றுக்கு 6 லட்ச ரூபாய் வரை ஒதுக்கியது. தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் ஏழைக் குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷன் உண்டு. அதன் பிறகு பேச்சுப் பயிற்சியும் உண்டு. மகத்தான காரியம். சந்தேகமே இல்லை.

ஆனால் பயிற்சி நடப்பது அமைதியான அறையில். பரிசோதனை நடப்பது சத்தம் புகாத அறையில். பிள்ளை படிக்கப்போவது எங்கே? ஐம்பது பேர் கத்தும், ஃபேன் கடகடக்கும், ஜன்னலுக்கு வெளியே லாரி உறுமும் வகுப்பில்!

நான் பி.காம். படித்தவன். மெஷின் வாங்குவது மூலதனச் செலவு, அதை ஓட்டுவது நடப்புச் செலவு என்று முதல் வருடமே சொல்லித்தருவார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எந்த முதலாளியாவது 6 லட்ச ரூபாய் மெஷினை வாங்கி, அது ஓடவே முடியாத ஷெட்டில் போட்டு வைப்பாரா? நாம் போடுகிறோம். போட்டுவிட்டு, 'ஏன் உற்பத்தி வரலை?' என்று அம்மாவைக் கேட்கிறோம்.

வகுப்பு நடக்கையில் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்றது உலக சுகாதார நிறுவனத்தின் 1999-ம் வருட வழிகாட்டி. நம் 2000-ம் வருட ஒலி மாசு விதிகள் பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக்கலாம் என்கின்றன. அங்கே பகலில் 50 டெசிபல்தான் எல்லை. பல சுரத்தில் கத்தும் ஹாரனுக்கு மோட்டார் வாகன விதியே தடை போட்டிருக்கிறது. விதிகளுக்குக் குறைவில்லை. அவற்றுக்குத்தான் இம்ப்ளான்ட் வைக்க வேண்டும்.

'அப்படின்னா சிறப்புப் பள்ளியில சேர்க்கட்டுமே' என்பவர்களுக்கு: எல்லாப் பிள்ளைகளோடும் படிக்கத்தானே ஐயா இந்தக் கருவியே!

வழி இருக்கிறது. டீச்சர் சட்டையில் ஒரு சின்ன மைக். அவர் குரல் வயர்லெஸ்ஸில் நேராகக் கருவிக்குப் போகும். இரைச்சல் பின்னால் தங்கிவிடும். கருவியின் விலையில் இது சிறு பங்கு. இதை ஏன் காப்பீட்டுத் திட்டத்திலேயே சேர்க்கக்கூடாது?

காசே வேண்டாத வழிகளும் உண்டு. ஜன்னலுக்குத் தள்ளி முதல் பெஞ்ச். கரும்பலகையைப் பார்த்துப் பேசாமல் பிள்ளைகளைப் பார்த்துப் பேசும் டீச்சர். பின் பெஞ்ச் பையன் கேட்ட கேள்வியைத் திருப்பிச் சொல்வது. நமக்கும் வேலை இருக்கிறது: கத்தாதீர்கள், கத்தினால் ஒலி சிதையும். எதிரே வந்து, முகம் காட்டி, நிதானமாகப் பேசுங்கள். புரியவில்லையா? அதையே வேறு வார்த்தையில் சொல்லுங்கள்.

அன்றைக்கு அந்த அம்மா கடைசியில் அதைத்தான் செய்தார். பையனின் எதிரே போய்க் குனிந்து, முகத்துக்கு நேராகச் சொன்னார். 'போலாமா?' பையன் சிரித்தான். 'போலாம்' என்றான், தெளிவாக.

பெரியவருக்குத்தான் அது கேட்கவில்லை. திருப்பதி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.